ஃப்ளோர் ஸ்பிரிங் வாங்க எடையை மட்டும் பார்த்தால் போதுமா?

மார்ச் 4, காலை (கேள்வி)

அலுவலக வாசலுக்கு ஒற்றைக் கண்ணாடிக் கதவு போடுகிறோம். 12 மி.மீ. டஃபன்டு (சூடேற்றிப் பதப்படுத்திய) கண்ணாடி, அகலம் 1100, உயரம் 2400. மேலே குளோசர் (கதவைத் தானாக மூடும் கருவி) எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதால் தரைக்குள் பதிக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங் என்று முடிவு. விற்பவர் "150 கிலோ தாங்கும், தாராளமாகப் போடுங்கள்" என்கிறார். கதவு 80 கிலோகூட வராது. எடை தாங்கினால் போதும்தானே? அடுத்த வாரம் தரைக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள்.

மார்ச் 4, இரவு

போதாது. அந்த 150 கிலோ என்பது ஸ்பிண்டிலும் (கதவு உட்கார்ந்து சுழலும் அச்சு) அதன் பேரிங்கும் சுமக்கக்கூடிய பாரம். கீல் வைத்த கதவில் எடையைக் கீல் சுமக்கும், மேலே இருக்கிற குளோசர் இழுத்து மூடும் வேலையை மட்டும் பார்க்கும். ஃப்ளோர் ஸ்பிரிங்கில் இரண்டு வேலையும் ஒரே பெட்டிக்குள் நடக்கிறது. சுமப்பது ஒரு கணக்கு, மூடுவது வேறு கணக்கு.

மூடும் வலுவுக்கு ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1154-ல் ஏழு அளவுகள் உண்டு. ஒவ்வோர் அளவுக்கும் கதவின் அகலமும் எடையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அளவு 2 என்றால் 850 மி.மீ., 40 கிலோ. அளவு 3 என்றால் 950, 60 கிலோ. அளவு 4 என்றால் 1100, 80 கிலோ. அளவு 5 என்றால் 1250, 100 கிலோ. 6-க்கு 1400, 120 கிலோ. 7-க்கு 1600, 160 கிலோ.

கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் 2.5 கிலோ. 12 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. உங்கள் கதவு 2.64 சதுர மீட்டர், ஆக 79.2 கிலோ. அகலத்திலும் எடையிலும் அளவு 4-ன் கடைசி விளிம்பில் நிற்கிறீர்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது "எத்தனை கிலோ தாங்கும்" என்று இல்லை, "ஈஎன் அளவு எத்தனை" என்றுதான். வாசல் காற்றுப் பக்கம் பார்த்திருந்தால் ஓர் அளவு கூட்டி 5 வாங்குங்கள்.

மார்ச் 5, காலை

அவசரமாக ஒன்று. டைல்ஸை நிறுத்துங்கள். ஃப்ளோர் ஸ்பிரிங்கின் பெட்டி தரைக்குள் 40 முதல் 60 மி.மீ. வரை இறங்கும், மாடலுக்கு மாடல் மாறும். நீளம் 300 மி.மீ. சொச்சம். அந்த இடத்தில் கான்கிரீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மின் குழாய், தரையடி வெந்நீர்க் குழாய், நீர்த்தடுப்புப் பூச்சு, கம்பி. இழுத்து விறைப்பேற்றிய கம்பி (போஸ்ட் டென்ஷன்) போட்ட தளம் என்றால் உளியையே எடுக்கக் கூடாது, பொறியாளர் வரைபடத்தோடு வந்து நின்று காட்டட்டும்.

என் முதல் வேலைகளில் ஒன்றில் டைல்ஸ் ஒட்டி மெருகு போட்ட பிறகு கதவு வந்தது. மேஸ்திரி குறி போட்டுக் கொத்தினார். மூன்றாவது அடியிலேயே மின் குழாய் உடைந்தது. ஒரு தளம் முழுக்க இரண்டு நாள் விளக்கு இல்லை. குழாய் எங்கே போகிறது என்று கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை. அன்றிலிருந்து கதவுக் குறி போடாமல் எந்தத் தளத்திலும் தரை வேலை தொடங்க விடுவதில்லை.

ஸ்பிண்டில் மையம் சுவரிலிருந்து 70 மி.மீ.யில் வரும்படி குறி போடச் சொல்லுங்கள்.

மார்ச் 5, மதியம்

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா? டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவும் முடியாது, துளையும் போட முடியாது. ஓரத்தில் ஓர் இடம் ஆழமாக அடிபட்டாலே மொத்தமாகப் பொடிந்துவிடலாம். பேட்ச் ஃபிட்டிங் (கண்ணாடியின் மூலையைக் கவ்விப் பிடிக்கும் உலோகப் பிடி) உட்காரும் வெட்டு, பூட்டுக்கான வெட்டு, கைப்பிடித் துளை எல்லாம் முன்னதாகவே முடிவாக வேண்டும். கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். காரணம் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 6

நேற்று 70 என்று எழுதியதைத் திருத்துகிறேன். 70 எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 55, 65, 70 என்று மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் வாங்கும் பேட்ச் ஃபிட்டிங்கின் வரைபடம் எதைச் சொல்கிறதோ அதுதான். கீழ் ஃபிட்டிங், மேல் பிவட் (கதவின் மேல் முனை சுழலும் அச்சு), ஃப்ளோர் ஸ்பிரிங் மூன்றும் ஒரே அளவுக்குப் பேச வேண்டும். ஐந்து மி.மீ. தவறினால் கதவின் குதிகால் (பிவட்டுக்குப் பின்னால் நிற்கும் ஓரம்) சுவரில் உரசும், இல்லையென்றால் விரல் நுழையும் இடுக்கு விழும். குழந்தையின் விரல் போகும் இடம் அதுதான். நேற்றைய எண்ணை யாரும் குறித்து வைத்திருந்தால் அடித்துவிடுங்கள்.

ஸ்பிண்டில் முனைக்கும் இதே எச்சரிக்கை. சதுரமாகக் கூம்பியது, இரு பக்கம் தட்டையானது என்று வடிவங்கள் வேறுபடும். ஒரு நிறுவனத்தின் ஸ்பிரிங்கும் இன்னொன்றின் ஃபிட்டிங்கும் சேர்வது போலத் தெரியும், ஆனால் உள்ளே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் ஒரு வருடத்தில் கதவையே தளர்த்திவிடும்.

மார்ச் 7, இரவு

காற்றைப் பற்றி. கேட்டவர் வாசல் திறந்த வெளியைப் பார்த்திருப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மார்ச் 4-ல் "ஓர் அளவு கூட்டுங்கள்" என்று எழுதியது எனக்கே உறுத்துகிறது.

ஒரு கதவின் மேல் நேராக மோதும் காற்றின் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அது 15 பாஸ்கல். 10 மீட்டரில், மணிக்கு 36 கி.மீ., 60 பாஸ்கல். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.

2.64 சதுர மீட்டர் கதவில் 15 பாஸ்கல் என்றால் 40 நியூட்டன் விசை. அது கதவின் நடுவில், பிவட்டிலிருந்து 0.55 மீட்டரில் தள்ளுவதாக வைத்தால் 22 நியூட்டன் மீட்டர் முறுக்கு (சுழற்றும் விசை). 60 பாஸ்கலில் 87 நியூட்டன் மீட்டர்.

இப்போது ஸ்பிரிங் பக்கம் வாருங்கள். கதவு மூடப்போகும் கடைசி 4 டிகிரியில் அளவு 4 கொடுக்க வேண்டிய மூடு முறுக்கு 26 முதல் 37. அளவு 5 கொடுப்பது 37 முதல் 54. அளவு 6 கொடுப்பது 54 முதல் 87. மென்காற்றை அளவு 4 சமாளிக்கும். 36 கி.மீ. காற்றில் 4 நிச்சயம் தோற்கும், 5-ம் தோற்கும், 6 தன் உச்சத்தில் நின்று திணறும். அது புயலும் இல்லை, மழைக்கு முன்னால் எழும் சாதாரணக் காற்று.

ஆகவே ஓர் அளவு கூட்டினால் காற்றை வென்றுவிடலாம் என்பது தவறு. நான்தான் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 8, அதிகாலை

தூக்கம் வரவில்லை. கூட்டுவது வீண் வேலை மட்டும்தானா, தீங்கும் செய்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தீங்கு செய்கிறது. அதை நானே செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் புறநோயாளி வாசல். கதவு காற்றில் அடிக்கடி திறந்தே நிற்கிறது என்று புகார் வந்தது. நான் பெரிய அளவு ஸ்பிரிங் எழுதிக் கொடுத்தேன். புகார் நின்றது, எனக்கும் திருப்தி. பிறகு ஒரு நாள் அங்கே வேறு வேலையாகப் போனபோது ஒரு பாட்டி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையால் தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் ஓரமாக ஒதுங்கி, உள்ளேயிருந்து யாராவது வெளியே வரட்டும் என்று காத்திருந்தார். நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். "தினமும் இப்படித்தான் தம்பி" என்றார். கதவு திறக்கவில்லை என்று அவர் யாரிடம் புகார் எழுதுவார்?

திறக்கும் முறுக்குக்கும் அதே தரநிலையில் உச்ச வரம்பு இருக்கிறது. அளவு 3-க்கு 47 நியூட்டன் மீட்டர், 4-க்கு 62, 5-க்கு 83, 6-க்கு 134. கைப்பிடி பிவட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருந்தால் அதே எண் நியூட்டனில் கையில் விழும். 62 நியூட்டன் என்பது ஆறு கிலோ பாரத்தைத் தூக்கும் விசை. 134 என்றால் பதின்மூன்று கிலோவுக்கு மேல்.

பிரிட்டனின் பிஎஸ் 8300 வழிகாட்டி, கதவு அசையத் தொடங்கி 30 டிகிரி வரை 30 நியூட்டனுக்கு மேல் கூடாது, அதற்குப் பிறகு 60 டிகிரி வரை 22.5-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்க அணுகல் விதி, தீத்தடுப்புக் கதவு அல்லாத உட்புறக் கதவுக்கு 22 நியூட்டன் சொச்சத்தில் நிறுத்துகிறது. நான் அந்தப் பாட்டியின் கையில் வைத்தது இதைப்போல மூன்று நான்கு மடங்கு.

மார்ச் 8, மாலை

"நல்ல தரமான ஸ்பிரிங் வாங்கினால் லேசாகத் திறக்கும், பலமாக மூடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓரளவுக்கு உண்மை. நாம் கொடுத்த முறுக்கில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதுதான் அதன் திறன். தரநிலை கேட்கும் குறைந்தபட்சத் திறன் அளவு 3-ல் 55 சதவீதம், 4-ல் 60, 5 முதல் 65. மீதி, உள்ளே எண்ணெயிலும் உராய்விலும் போய்விடுகிறது. அளவு 4 தன் குறைந்தபட்ச 26-ஐத் தர, 60 சதவீதத் திறனில் நாம் 43 கொடுக்க வேண்டும். திறன் 75 ஆனால் 35 போதும். திறன் நன்றாக இருந்தால் கை பிழைக்கும், ஆனால் 30-க்குள் வராது.

மார்ச் 9

இரண்டு நாளாக ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைப் பார்ப்போம். கண்ணாடியை நிறுத்தி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சுழலும் பாரம் அகலத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஒரே 57 கிலோ கதவை 900 அகலத்தில் செய்வதற்கும் 1100-ல் செய்வதற்கும், அதைச் சுழற்றி நிறுத்தும் வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். தரநிலைப் பட்டியல் அகலத்தை முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். காற்றுக்கும் அப்படியே: அகலம் கூடினால் பரப்பும் கூடும், தள்ளும் கையின் நீளமும் கூடும்.

உங்கள் திறப்பு 1100 x 2400. முழுவதும் கதவாக இருக்க வேண்டுமா? பக்கத்தில் 150 மி.மீ. நிலையான கண்ணாடி, மேலே 300 மி.மீ. நிலையான கண்ணாடி வைத்தால் கதவு 950 x 2100 ஆகிறது. எடை 59.85 கிலோ. அகலமும் எடையும் இரண்டுமே அளவு 3-க்குள் வந்துவிடும். அதே 36 கி.மீ. காற்று இப்போது 87-க்குப் பதில் 57 நியூட்டன் மீட்டர்தான் தரும். கைப்பிடியில் விழுவது, 55 சதவீதத் திறனிலேயே 37 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடும்.

சக்கர நாற்காலிக்கு வழி வேண்டுமே என்றால், அமெரிக்க விதி கேட்பது 815 மி.மீ. 950 கதவு 90 டிகிரி திறந்து நிற்கும்போது, பிவட்டுக்குப் பின்னால் நிற்கும் 65 மி.மீ.யும் கண்ணாடியின் பாதித் தடிமனும் போக 880 அளவுக்கு மிஞ்சும். கைப்பிடி நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

57 நியூட்டன் மீட்டரும் அளவு 3-க்கு அதிகம்தான். பலத்த காற்றுக்கு ஸ்பிரிங் விடையாகாது. வாசலுக்கு ஒரு முன்னறை, அதற்கு இரண்டாவது கதவு, அல்லது காற்று நேராக மோதாதபடி ஒரு தடுப்புச் சுவர். இது கட்டடம் வரைபவரின் மேசையில் முடிய வேண்டியது. கதவு மாட்டுகிறவரிடம் வந்து சேரும்போது ஏற்கெனவே தாமதம்.

மார்ச் 11

வேறொருவர் படிக்கட்டுக் கதவுக்கு, அதாவது தீத்தடுப்புக் கதவுக்கு, 90 டிகிரியில் நிற்கும் ஸ்பிரிங் போடலாமா என்று கேட்கிறார். கூடாது. நெருப்பின்போது அது தானாக மூட வேண்டும். மெக்கானிக்கல் நிறுத்தம் இருந்தால் யாரோ ஒருவர் திறந்து நிறுத்திய இடத்திலேயே அது நிற்கும், புகை அதன் வழியே படிக்கட்டில் ஏறும். திறந்து நிற்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால் மின்சாரத்தால் பிடித்து நிறுத்தும் வகை இருக்கிறது. அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ விட்டுவிடும். அதற்கு ஈஎன் 1155 என்று தனித் தரநிலை. தீத்தடுப்புக் கதவில் அளவு 3-க்குக் கீழே போகவும் கூடாது.

பெட்டியின் மேல் ஆறு எண்கள் வரிசையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் எண் 3 என்றால் குறைந்தது 105 டிகிரியிலிருந்தும், 4 என்றால் 180-லிருந்தும் மூடும். இரண்டாவது 8, அதாவது ஐந்து லட்சம் முறை திறந்து மூடிச் சோதித்தது. மூன்றாவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் வலு அளவு. நான்காவது 1 என்றால் தீத்தடுப்புக் கதவுக்கு ஆகும், 0 என்றால் ஆகாது. ஐந்தாவது எப்போதும் 1, பாதுகாப்பு. ஆறாவது துரு எதிர்ப்பு, 0 முதல் 4 வரை. இந்த ஆறு எண் இல்லாத பெட்டியில் "ஹெவி டியூட்டி" என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் எனக்கு அது ஒன்றும் சொல்வதில்லை.

ஐந்து லட்சம் பெரிய எண்ணாகத் தெரியும். ஒரு நாளைக்கு 500 பேர் கடக்கும் கதவில் அது 1000 நாள், மூன்று வருடத்துக்கும் குறைவு. அத்தோடு ஆயுள் முடிகிறது என்று பொருளில்லை, சோதித்துப் பார்த்த தூரம் அவ்வளவு. கூட்டம் அதிகமுள்ள வாசலுக்கு, கழற்றி மாற்றுவது எளிதா என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள்.

மார்ச் 12

கழற்றி மாற்றுவது என்றதும் நினைவு வந்தது. ஃப்ளோர் ஸ்பிரிங்கோடு ஓர் இரும்புப் பெட்டி வரும். கலவை போட்டுப் பதிக்க வேண்டியது அந்தப் பெட்டியை மட்டும். இயந்திரம் அதற்குள் திருகுகளில் உட்கார்ந்திருக்கும். இடவலம், முன்பின், உயரம் என்று சில மி.மீ. நகர்த்திக்கொள்ள அந்தத் திருகுகள்தான் கைகொடுக்கும்.

ஓர் ஒப்பந்தக்காரர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இயந்திரத்தையே சுற்றிக் கலவை ஊற்றியிருந்தார். "ஆடாது சார், கல்லு மாதிரி நிக்கும்" என்றார். நின்றது. எண்ணெய் கசிந்த அன்று, டைல்ஸோடு ஒரு சதுர அடியைப் பெயர்த்தெடுத்தோம். அந்த நிறத்தில் டைல்ஸ் கிடைக்கவில்லை. வாசலில் அந்தத் திட்டு இன்னும் வேறு நிறத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 15

வால்வு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மூடித் தகட்டைக் கழற்றினால் பெரும்பாலும் இரண்டு வால்வுத் திருகுகள் தெரியும். ஒன்று திறந்த நிலையிலிருந்து ஏறக்குறைய 15 டிகிரி வரை வரும் வேகம். மற்றது கடைசி 15 டிகிரி. வலப்பக்கம் திருகினால் மெதுவாகும், இடப்பக்கம் வேகம் கூடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். ஒருமுறை திருப்பி, ஐந்தாறு தடவை திறந்து மூடிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. முழுவதும் வெளியே எடுத்துவிட்டால் எண்ணெய் பீய்ச்சியடிக்கும், அந்த இயந்திரம் அத்தோடு போயிற்று.

90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வர ஐந்து வினாடிக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க அணுகல் விதி. எனக்கு ஆறேழு வினாடி பிடிக்கும். ஊன்றுகோல் வைத்து நடப்பவர் ஒருவரை உள்ளே போகச் சொல்லிப் பார்த்துத்தான் கடைசி முடிவு.

எண்ணெய் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து வினாடிக்கு வைத்த கதவு, 40 டிகிரியில் மூன்று வினாடிக்குக் கீழே போகக் கூடாது, மைனஸ் 15-ல் 25 வினாடியைத் தாண்டக் கூடாது என்று தரநிலை எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள்ளேயே எவ்வளவு மாற்றம் பாருங்கள். வெயில் அடிக்கும் வாசலில் காலையில் மட்டும் சரிசெய்துவிட்டுப் போகாதீர்கள், மதியமும் ஒருமுறை பாருங்கள்.

மார்ச் 15, சற்றுப் பிறகு

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். இரண்டாவது வால்வு எல்லா மாடலிலும் கடைசி 15 டிகிரிக்கானது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் கதவை யாராவது வீசித் திறக்கும்போது அகலத் திறக்கும் பக்கத்தில் தடுத்து நிறுத்தும் வால்வும் உண்டு. தாளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

மார்ச் 19

தண்ணீர். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து தொடங்கியவை, ஆனால் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

தரையில் பள்ளம் வைத்து ஓர் இரும்புப் பெட்டியைப் புதைக்கிறோம். சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் அங்கே வந்து தேங்கும். மழைச் சாரல், தரை துடைக்கும் தண்ணீர், அதில் கலந்த அமிலம். ஒரு கழிவறைத் தாழ்வாரக் கதவு இரண்டே வருடத்தில் மூட மறுத்தது. மூடித் தகடு பளபளவென்று இருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறக் கூழ், அதில் பாதி மூழ்கிய இயந்திரம், விரலால் அழுத்தினால் உதிரும் திருகுகள். துடைப்பவர் மீது தவறில்லை. அவருக்குக் கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது: இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, இதற்கென்றே வரும் தார் போன்ற நிரப்பியை உருக்கி ஊற்றி அடைத்துவிடுவேன். திருகுகளைச் சரிசெய்து, கதவு மாட்டி, நேர்கோட்டில் நிற்கிறதென்று உறுதியான பிறகுதான் ஊற்ற வேண்டும். வால்வு மேல் படக் கூடாது. வெளிவாசலில் துரு எதிர்ப்பு எண் 3 அல்லது 4 உள்ளதையே வாங்குவேன். கடற்கரைக் காற்று படும் இடத்தில் மூடித் தகடு 316 ரக எவர்சில்வர். தரை வாட்டத்தைப் பெட்டியை விட்டு விலகி ஓடும்படி அமைக்கச் சொல்வேன்.

மெருகு போடும் கட்டம் இன்னொரு ஆபத்து. கல் தரையைத் தேய்க்கும்போது வரும் சேறு பெட்டிக்குள் இறங்கிச் சிமென்ட் போல இறுகிவிடும். அதுவரை இயந்திரத்தை வைக்காமல் வெறும் பெட்டியை மட்டும் பதித்து, பலகை போட்டு மூடி ஒட்டிவையுங்கள்.

மார்ச் 20

இருபுறமும் ஆடும் வகையா, ஒருபுறம் மட்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: நிலை இல்லாத கண்ணாடிக் கதவுக்குப் பெரும்பாலும் இருபுற வகைதான் போடுகிறார்கள். போய்வர வசதி. ஆனால் சுற்றிலும் இடுக்கு இருக்கும், ஏசி காற்றும் புகையும் தடையின்றிப் போகும். காற்றடைப்பு முக்கியம் என்றால் நிலையில் தடுப்பு வைத்து ஒருபுற வகை.

மூடிய கதவு நேர்கோட்டில் நிற்காமல் ஒரு விரல் தள்ளி நின்றால் வால்வைத் தொடாதீர்கள். பெட்டிக்குள் இயந்திரத்தை நகர்த்தும் திருகுதான் அதற்கு. அதற்கும் முன்னால் மேல் பிவட்டின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். குண்டின் முனை ஸ்பிண்டிலின் நடுப்புள்ளியில் விழ வேண்டும். ரசமட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்ப்பதை விட இது நம்பகமானது.

மார்ச் 26

கேட்டவர் எழுதியிருக்கிறார்: வாசலில் நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் 55 மி.மீ. இருக்கிறது. தேர்ந்தெடுத்த மாடலின் பெட்டிக்கு 50 போதும். பிழைத்தோம். பூச்சு வரைக்கும் உளி போகாமல், வெட்டும் இயந்திரத்தால் ஓரத்தை அறுத்துவிட்டு நடுவை மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆழம் கிடைக்காதவர்களுக்கு: கதவுக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்துக்குள் ஒளியும் குளோசர் உண்டு. கீழ் பேட்ச் ஃபிட்டிங்குக்குள்ளேயே ஹைட்ராலிக் அடங்கிய வகையும் உண்டு, தரையைக் கொத்தும் வேலை மிகக் குறைவு. இரண்டிலும் எடை வரம்பையும் அகல வரம்பையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆழம் இல்லாத இடத்தில் தளத்தைக் குடைந்தாவது ஃப்ளோர் ஸ்பிரிங்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்.

ஏப்ரல் 2

கதவு மாட்டியாயிற்று. 950 x 2100, அளவு 3. கேட்டவரின் அப்பா ஒரு கையால் திறந்தாராம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

ஒரு குறை மட்டும்: காலையில் சரியாக மூடுகிறது, மதியத்துக்கு மேல் இரண்டு விரல் திறந்தே நிற்கிறது. வலுவைக் கூட்டலாமா என்கிறார். கொஞ்சம் பொறுங்கள். கதவு வெளியே திறப்பது என்றீர்கள். உள்ளே புதுக்காற்று விசிறி ஓடி, வெளியேற்றும் விசிறி ஓடாமல் இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். வெறும் 20 பாஸ்கல் ஏறினாலும் இந்தக் கதவில் 19 நியூட்டன் மீட்டர் எதிராகத் தள்ளும். அளவு 3-ன் குறைந்தபட்ச மூடு முறுக்கு 18. பின்பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டுக் கதவை விட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 3

ஜன்னலைத் திறந்ததும் மூடிவிட்டதாம். வெளியேற்றும் விசிறியின் டைமர் மதியம் ஒரு மணிக்கு நிற்கும்படி வைத்திருந்தார்களாம். ஸ்பிரிங் திருகைத் தொட வேண்டாம். டைமரை மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். நிரப்பியை அதற்குப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மாடல் பெயர், ஆறு எண்கள், மாட்டிய தேதி மூன்றையும் அழியாத மையால் மூடித் தகட்டின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். பல வருடம் கழித்து அதைத் திறக்கப் போகிறவருக்கு வேறு எங்கும் அது கிடைக்காது.